ஸ்பிரிங் தொட்டில் ஸ்டாண்டு, ஏழு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், வாங்கலாம். 2,350 ரூவா குடுத்தேன், அஞ்சு பைசா வீண் போகல. ஒரு மடக்கு ஸ்டாண்டு, மேல ஒரு ஸ்பிரிங், அதுல ஒரு கொக்கி, ஒரு தொட்டில் கட்டை, ஐட்டமே அவ்வளவுதான், துணி நம்ம வீட்டுது. கரண்டுல தானா ஆடுற தொட்டிலுக்கு இதைவிட மூணு நாலு மடங்கு காசு போடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தீங்கன்னா கொஞ்சம் நில்லுங்க, அதையும் வச்சுப் பார்த்துட்டுதான் இதுக்கு வந்தேன். அவசரத்துல இருக்கறவங்களுக்கு இது போதும். ஆனா என்னை மாதிரி நாப்பது தாண்டி, இனிமே நமக்கு இல்லன்னு மனச ஆத்திக்கிட்டு வாழ்ந்துட்டு இருக்கும்போது திடீர்னு அப்பா ஆனவங்க யாராவது, ராத்திரி ரெண்டு மணிக்கு புள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு இன்னொரு கையில போனை வச்சு எந்தத் தொட்டில் நல்லதுன்னு தேடிட்டு இருப்பீங்க, நானும் அப்படித்தான் தேடினேன், அவங்களுக்காக முழுசா எழுதறேன்.

எங்களுக்கு கல்யாணம் ஆனது 2010ல. நான் சேலத்துல சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறை வச்சிருக்கேன், வீட்டுக்காரம்மா ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். மூணு வருஷம் பார்த்தோம், அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, ஊசி, ஸ்கேன், ரெண்டு தடவை ஐவிஎஃப், பட்டறையில இருந்த வெள்ளிய வித்துதான் பணம் கட்டினோம், ரெண்டும் நிக்கல. 2019ல ஒரு நாள் அவளே ஃபைலை எல்லாம் ஒரு பையில போட்டு பரண்ல ஏத்திட்டு "போதும் மாமா, நாம ரெண்டு பேரு இருக்கோம்ல"ன்னா. அன்னிக்கு ரெண்டு பேரும் அழுதோம், அதுக்கப்புறம் நிஜமாவே நல்லா இருந்தோம்ங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தள்ளுவண்டியில தட்டுவடை செட் வாங்கி ஒரே தட்டுல சாப்பிடுவோம், அவ பரீட்சை பேப்பர் திருத்தினா நான் பக்கத்துல உக்காந்து மார்க்கைக் கூட்டிக் குடுப்பேன், வீட்டுல ரெண்டு டம்ளர் ரெண்டு தட்டு ரெண்டு செருப்பு, அதுவே ஒரு பழக்கமாப் போச்சு. எங்கம்மா மட்டும் விடல. ஆடி மாசம் வந்தா எந்த அம்மன் கோயில்ல மரத்துல குட்டித் தொட்டில் தொங்குதோ அங்க போய் தானும் ஒண்ணு கட்டிட்டு வந்துரும். நாங்க வேணாம்னு சொல்லியாச்சு, கோவிச்சுக்கிட்டாச்சு, அப்புறம் கண்டுக்காம விட்டாச்சு. எத்தனை கட்டுச்சுன்னு அதுக்கே கணக்குத் தெரியாது.

எங்களுக்குன்னு இருந்த ஒரே திருவிழா ஏற்காட்டுல காபி பூக்கிறதுதான். மார்ச் ஏப்ரல்ல முதல் கோடை மழை பேஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல செடி மொத்தமா வெள்ளையாப் பூத்துடும், வாசனை கிட்டத்தட்ட மல்லி மாதிரியே இருக்கும், மூணு நாலு நாள்ல கொட்டியும் போயிடும். சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்ங்கிற வெள்ளைக்காரர் 1820கள்ல சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த செடி அது, 200 வருஷமா அங்க பூத்துட்டு இருக்கு, அதுல ஒரு நாள் பைக்கை எடுத்துட்டு மேல போய் ரோட்டோரமா நின்னு அந்த வாசனைய இழுத்துட்டு, ஏரிக்கிட்ட மிளகாய் பஜ்ஜியும் காபியும் சாப்பிட்டுட்டு இறங்கிடுவோம்.

2024 ஏப்ரல்லயும் போனோம். அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு, இத்தனை வருஷத்துல அவளுக்கு ஒரு தடவை கூட குமட்டினதில்ல, அன்னிக்கு ஏழாவது வளைவுலயே முதுகுல தட்டி வண்டிய நிறுத்தச் சொல்லி ஓரமாப் போய் வாந்தி எடுத்தா. காலையில சாப்பிட்டது ஒத்துக்கலன்னு நினைச்சு தண்ணி குடுத்து மெதுவா ஏறினோம். மேல எஸ்டேட் ஓரம் வந்ததும் முந்தானைய எடுத்து மூக்கைப் பொத்திக்கிட்டா. "மாமா, இந்த வாசனை எனக்கு ஆகல"ன்னா. எந்த வாசனைக்காக வருஷா வருஷம் வந்தோமோ அது ஆகலன்னா எனக்கு ஒண்ணும் புரியல. அவ ஒரு கல்லு மேல உக்காந்து விரல் விட்டு ஏதோ எண்ணினா, திரும்ப எண்ணினா, அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து "நாப்பத்தாறு நாள் ஆச்சு"ன்னா. "என்ன நாப்பத்தாறு?"ன்னு கேட்டேன். அவ பதில் சொல்லல, சிரிக்கவும் இல்ல, கையைப் பிடிச்சுக்கிட்டா, கை ஜில்லுன்னு இருந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது.

இறங்கும்போது இருபது வளைவும் இருபது கிலோமீட்டர் வேகத்துலதான் ஓட்டினேன், ஒவ்வொரு குழிக்கும் நிறுத்தி நிறுத்தி. பின்னாடி பஸ்காரர் ஹார்ன் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுட்டார், அவ என் முதுகுல மூஞ்சிய வச்சு சிரிக்க ஆரம்பிச்சவ கோரிமேடு வர்ற வரைக்கும் சிரிச்சா, சட்டை முதுகுப் பக்கம் நனைஞ்சிருந்துச்சு, சிரிப்பா அழுகையான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்ல மாட்டேங்கறா. கோரிமேட்டுல ஒரு மெடிக்கல்ல கிட்டு வாங்கினோம். ரெண்டு கோடு.

அடுத்த மாசங்கள பத்தி நீட்ட வேணாம். அவளுக்கு 39 வயசு, டாக்டர் கொஞ்சம் ஜாக்கிரதையாவே பார்த்தாங்க, பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசாங்கத்துல பதியற நம்பர்) பதிஞ்சது, 12வது வாரத்துல கழுத்துப் பக்கம் அளவு பார்க்கிற ஸ்கேன், 20வது வாரத்துல உறுப்பெல்லாம் பார்க்கிற ஸ்கேன், 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் டெஸ்ட்டு, எல்லாம் வரிசையா நடந்துச்சு. வீட்டு முன் ரூம்ல இருந்த பட்டறைய, வெள்ளித் துண்டுகள ஒண்ணாப் பத்த வைக்கிற புகையும் ஆசிட் வாடையும் ஆகாதுன்னு ரெண்டு தெரு தள்ளி வாடகைக்கு மாத்தினேன். எங்கம்மாவுக்கு சேதி சொன்ன அன்னிக்கு அது ஒண்ணுமே பேசல, நேரா சாமி ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிச்சு.

அக்டோபர்ல, 35 வாரத்துல, பிரஷர் ஏறிப்போய் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டாங்க. பொண்ணு. 1 கிலோ 900 கிராம். என் உள்ளங்கை ரெண்டையும் சேர்த்தா அதுக்குள்ள அடங்கிடுவா. ஒம்பது நாள் உள்ள வச்சிருந்தாங்க. மூணாவது நாள் ஒரு நர்ஸ் வந்து "சட்டையக் கழட்டிட்டு வாங்க சார்"ன்னாங்க, எதுக்குன்னு கேட்டா, கங்காரு மாதிரி நெஞ்சுல வச்சுக்கணும், அம்மாவுக்கு இன்னும் காய்ச்சல் விடல, அப்பா வச்சுக்கலாம்னாங்க. சாஞ்ச சேர்ல உக்கார வச்சு, டயப்பரும் குல்லாவும் மட்டும் போட்டு, அவளை என் நெஞ்சுல நெட்டுக்குத்தலா வச்சு, தலைய ஒரு பக்கமாத் திருப்பி, மேல ஒரு துணிய சுத்திக் கட்டிட்டாங்க. வெள்ளிய தூக்கிப் பார்த்தே எத்தனை கிராம்னு சொல்ற கை எனக்கு, ஆனா அந்த எடை வேற ஒண்ணா இருந்துச்சு, அவ மூச்சு விடறது என் தோல்ல தெரிஞ்சுது, ரெண்டு மணி நேரம் அசையவே இல்ல, கால் மரத்துப் போச்சு. அப்புறமா படிச்சேன், 1978ல கொலம்பியா நாட்டுல பொகோட்டாங்கிற ஊர்ல எட்கர் ரேன்னு ஒரு டாக்டர், சூடு குடுக்கற இன்குபேட்டர் பெட்டி பத்தாம ஒரே பெட்டியில ரெண்டு மூணு குழந்தைய வைக்க வேண்டியிருந்த ஆஸ்பத்திரியில ஆரம்பிச்ச முறையாம் இது, இன்னிக்கு உலகம் பூரா பண்றாங்க. குறை மாசத்துல, எடை கம்மியாப் பொறந்த குழந்தைன்னா கூச்சப்படாம நீங்களே கேளுங்க, அம்மா மட்டும்தான் வைக்கணும்னு இல்ல.

இப்ப தொட்டிலுக்கு வரேன். என் மச்சான் பாசத்துல ஆன்லைன்ல ஒரு கரண்ட் தொட்டில் ஆர்டர் பண்ணி அனுப்பிட்டாரு, 9,000 ரூவாய்க்கு மேல. ரிமோட்டு, பாட்டு, மூணு ஸ்பீடு, டைமர், கொசுவலை எல்லாம் உண்டு. கம்பெனி பேர் வேணாம். பதினஞ்சு நிமிஷம் ஆடி நிக்கும், நின்ன அடுத்த நிமிஷம் புள்ளை முழிச்சுக்கும், திரும்ப அழுத்தணும். மோட்டார் கூடவே ர்ர்ர்னு ஒரு சத்தம், பகல்ல தெரியாது, ராத்திரி வீடே மெஷின் ரூம் மாதிரி ஆயிடும். எனக்கு ரொம்ப பயமானது வேற விஷயம், ஆட ஆட உடம்பு ஒரு பக்கமா சரிஞ்சு தாடை நெஞ்சுல போய் முட்டிக்கிட்டு இருந்துச்சு, ஒரு நாள் காலையில அப்படிப் பார்த்ததும் வாரித் தூக்கிட்டேன். அப்புறம் ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்து டிசம்பர் ஒண்ணு ரெண்டு தேதியில நம்ம பக்கம் வந்து ஊத்துச்சுல்ல, ஏற்காடு ரோட்டுல மண்ணு சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சே, அந்த ராத்திரி எங்க தெருவுல கரண்டு போனது விடியற வரைக்கும் வரல. அந்தத் தொட்டில கையால ஆட்டலாம்னா ஆடாது, மோட்டார் பிடிச்சுக்கும். நானும் அவளும் மாத்தி மாத்தி நெஞ்சுல போட்டுக்கிட்டு மழைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே விடிய வச்சோம்.

அடுத்த செக்கப்ல குழந்தை டாக்டரம்மாகிட்ட தொட்டிலைப் பத்தி கேட்டேன். அந்தக் கரண்ட் தொட்டில்ல போடறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கணும். அவங்க சொன்னத அப்படியே சொல்றேன். ராத்திரித் தூக்கம்னா எந்தத் தொட்டிலும் வேணாம், கெட்டியான சமமான மெத்தையில, தலையணை இல்லாம, மல்லாக்கப் போட்டுத்தான் தூங்க வைக்கணும், அதுதான் பாதுகாப்பு. வளைஞ்ச துணிக்குள்ள தலை முன்னாடி மடங்கினா மூச்சுக் குழாய் சுருங்கும், குறை மாசக் குழந்தைக்குக் கழுத்துல பலம் இருக்காது, அதனால ரெண்டு மாசம் முடியட்டும், எடை ஏறட்டும், அப்புறம் அழுகைய அமத்த, பகல்ல கொஞ்ச நேரம், கண்ணெதிர்ல ஆள் இருக்கும்போது மட்டும் தொட்டில், தூங்கிட்டா தூக்கி மெத்தைக்கு. ஆட்டறதும் மெதுவா, ஸ்பிரிங்கை இழுத்து விட்டு புள்ளை துள்ளுற மாதிரி ஆட்டவே கூடாது. நம்ம வீடுகள்ல பாட்டிங்க நாங்க எல்லாம் தொட்டில்லதான் வளர்ந்தோம்னு சொல்வாங்க, எங்க வீட்டுலயும் சொன்னாங்க, நான் டாக்டர் பேச்சைத்தான் கேட்டேன்.

டிசம்பர் நடுவுல எடை 3 கிலோ தாண்டினதும் டாக்டர் சரின்னாங்க. ராஜகணபதி கோயில்கிட்ட கடை வீதியில குழந்தைச் சாமான் விக்கிற ஒரு பழைய கடைக்குப் போனேன். கடைக்காரர் அறுபது வயசு இருக்கும், என் தலை நரையைப் பார்த்துட்டு "பேத்திக்கா சார்?"ன்னாரு. "மகளுக்கு"ன்னேன். அந்த வார்த்தைய வெளி ஆள்கிட்ட நான் சொன்னது அதுதான் முதல் தடவை, சொல்லி முடிக்கறதுக்குள்ள தொண்டை அடைச்சிருச்சு. அவர் ஒண்ணும் கேக்காம ஸ்டூலை நகர்த்திப் போட்டு, மூணு ஸ்டாண்டை விரிச்சு வச்சுட்டு "நிதானமாப் பாருங்க"ன்னாரு. இந்த மாதிரி கடை கிடைச்சா ஆன்லைனை விட்டுடுங்க, கையில எடுத்துப் பார்க்காம இதை வாங்கவே கூடாது.

நான் உலோகத்துல வேலை பார்க்கிறவன், அதனால பார்த்ததச் சொல்றேன். ஸ்பிரிங்குல எல்லாரும் சுருள் எவ்வளவு தடிமன்னு பார்ப்பாங்க, உயிர் அங்க இல்ல, ரெண்டு முனையில கொக்கியா வளைச்சிருக்காங்களே அந்த இடம்தான். வளைவு முழுசா மூடியிருக்கணும், ஒரு தீக்குச்சி நுழையற அளவு இடைவெளி இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுங்க. வளைச்ச இடத்துல நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க, மயிரிழை வெடிப்பு இருந்தா நகம் மாட்டும். எனக்கு முதல்ல காட்டின ஸ்பிரிங்குல மாட்டுச்சு, சொன்னதும் கடைக்காரரே அதை எடுத்து ஓரமா வச்சுட்டு வேற கட்டைப் பிரிச்சாரு. ஸ்பிரிங் உள்ளார ஒரு நைலான் கயிறு ஓடணும், தப்பித்தவறி ஸ்பிரிங் அத்துக்கிட்டாலும் கயிறு பிடிச்சுக்கும், கயிறு இல்லாத ஸ்பிரிங் மலிவா வரும், வேணாம். ஸ்டாண்டுல நாலு காலும் சேர்ற இடத்துல வெல்டிங் சுத்தி முழுசா ஓடியிருக்கான்னு பாருங்க, எங்கயாவது ரெண்டு புள்ளி மட்டும் வச்சுட்டு பெயின்ட் அடிச்சு மறைச்சிருப்பாங்க. அடியில ரப்பர் புஷ்ஷு இருக்கணும், இல்லன்னா டைல்ஸ்ல வழுக்கும். அட்டையில 20 கிலோ தாங்கும்னு போட்டிருந்துச்சு, வீட்டுக்கு வந்து 15 கிலோ அரிசி மூட்டைய ஒரு ராத்திரி முழுக்கத் தொங்க விட்டேன், முன்னாடியே ஸ்கேல் வச்சு ஸ்பிரிங் நீளத்தைக் குறிச்சு வச்சிருந்தேன், காலையில மூட்டைய இறக்கினதும் அதே நீளத்துக்குத் திரும்பி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் நம்பினேன். வீட்டுக்காரம்மா எந்திரிச்சு வந்து தொட்டில்ல அரிசி மூட்டை ஆடுறதப் பார்த்துட்டு "முதல் புள்ளை இதுதானா மாமா"ன்னா.

அடுத்து துணி. இதுல ஒரு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு. எங்கம்மா தன்னோட பழைய நூல் சேலைய துவைச்சு மடிச்சு வச்சிருந்துச்சு, பதினாலு வருஷமா எடுத்து வச்ச சேலையாம். அதே நாள் மதியம் அத்தையும் அவங்க சேலையோட வந்துட்டாங்க, "முதல் புள்ளைக்கு அம்மா வீட்டுச் சேலைதான் மாப்ள, அதான் முறை"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்ச முகத்தோடயே பேசறாங்க, ஆனா விட்டுக் குடுக்கல, காபி ரெண்டு தடவை ஆறிப்போச்சு. பொண்ணு இங்க வீல்னு கத்துறா. வீட்டுக்காரம்மா ரூமுக்குள்ள போனவ என்னோட எட்டு முழ வேட்டி ஒண்ணை, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனது, கொண்டுவந்து அவளே கொக்கியில முடிச்சுப் போட்டா. "ஆம்பள வேட்டியிலயா?"ன்னு ரெண்டு அம்மாவும் ஒரே குரல்ல கேட்டாங்க, அந்த ஒரு விஷயத்துல ஒத்துமையாயிட்டாங்க. "பொறந்த மூணாம் நாள்ல இருந்து அவர் நெஞ்சுலதான கெடந்தா, அவர் வாசனை அவளுக்குத் தெரியும்"னு சொல்லிட்டுப் புள்ளைய உள்ள போட்டா. ரெண்டு ஆட்டுல அழுகை நின்னுச்சு. அப்புறம் மூணும் முறை வச்சுத் துவைச்சு மாத்தி மாத்திக் கட்டினோம், எந்தச் சேலை என்னிக்குன்னு ரெண்டு அம்மாவும் கணக்கு வச்சிருந்தாங்க. பட்டு, சிந்தெடிக் வேணாங்க, முடிச்சு வழுக்கும், பருத்திதான் பிடிச்சு நிக்கும், காத்தும் போகும். தொட்டில் கட்டைய மறக்காம மாட்டுங்க, அது துணிய விரிச்சு வச்சாத்தான் மூஞ்சி மேல மூடாம இருக்கும். அடிப்பக்கம் தரையில இருந்து ஒரு அடிக்கு மேல ஒசரம் வேணாம், கீழ ஒரு கெட்டிப் போர்வைய மடிச்சுப் போட்டு வைங்க. ஃபேன் கொக்கியில மாட்டறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

வேலைக்கு ஆகுதான்னு நிஜமாத் தெரிஞ்சது பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட ராத்திரி. தொடை வீங்கி, லேசாக் காய்ச்சல், தூக்கினாலும் அழுகை, படுக்க வச்சாலும் அழுகை. தொட்டில்ல போட்டு நான் ஒரு பக்கம் பாய், அவ ஒரு பக்கம் பாய், கட்டையோட ரெண்டு வெளி முனையிலயும் ஒவ்வொரு பருத்திக் கயிறு, புள்ளை கைக்கு எட்டாத மாதிரி. நான் இழுத்தா அவ கயிறு அந்தப் பக்கம் போகும், அவ இழுத்தா என்னுது. அவ வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிச்சா, ஸ்கூல்ல ராகமா சொல்வோமே அந்த ராகத்துல, பதினாறு வாய்ப்பாடு போய் பதினேழு வந்து பத்தொம்பதுல புள்ளை தூங்கிட்டா. பேசினா முழிச்சுக்குவான்னு ரெண்டு பேரும் வாயே திறக்கல. லைட்டை அணைச்சுட்டு அப்படியே கெடந்தோம். கொஞ்ச நேரம் கழிச்சு என் கையில கயிறு ரெண்டு தடவை சின்னதாச் சுண்டுச்சு. தூங்கிட்டியான்னு கேக்கறா. நான் ஒரு தடவை சுண்டினேன், இல்லன்னு. திரும்ப ரெண்டு. திரும்ப ஒண்ணு. கல்யாணம் ஆன புதுசுல கூட நாங்க அப்படி விளையாடினதில்ல. புள்ளை வந்தா நம்ம ரெண்டு பேர் வீடு போயிடுமோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு, அவகிட்ட கூட சொன்னதில்ல, அந்த ராத்திரி அது போயிடுச்சு. அப்புறம் மெதுவாப் புள்ளைய எடுத்து மெத்தையில மல்லாக்கப் போட்டோம்.

மூணாம் மாசம் பொண்ணுக்குக் கொலுசு செஞ்சேன். வெள்ளி கிராம் 100 ரூவாய்க்கு மேல போயிட்டு இருந்த நேரம், ஆனா இதுல கணக்குப் பார்க்கல. இருபது வருஷமா ஊர் உலகத்துப் புள்ளைங்களுக்கு எல்லாம் செஞ்சு டஜன் டஜனாக் கட்டி அனுப்பியிருக்கேன், அளவு வாங்க என் வீட்டுல ஒரு கால் இருந்ததில்ல. நூலை வச்சு கணுக்காலைச் சுத்தி அளவெடுக்கும்போது அவ உதைச்சதுல நூல் மூணு தடவை நழுவிடுச்சு. ஒத்தைக் கம்பி, மழமழன்னு, முனையெல்லாம் தேய்ச்சு, காலுக்கு ஒரே ஒரு சலங்கை, அதையும் நல்லாப் பத்த வச்சு இழுத்துப் பார்த்துட்டுத்தான் போட்டேன், வாயில போட்டுக்கிற வயசுல்ல, தினம் ஒரு தடவை இப்பவும் இழுத்துப் பார்ப்பேன். தொட்டில்ல போட்டா உதைக்கிறப்ப சலங்கை ஒரு சத்தம், ஸ்பிரிங் ஒரு சத்தம், பக்கத்து ரூம்ல இருந்தே முழிச்சிருக்காளா தூங்கிட்டாளான்னு சொல்லிடலாம்.

குறைன்னு பார்த்தா, ஸ்டாண்டு மடக்கற இடத்துல நாலு மாசத்துல பெயின்ட் உரிஞ்சு துரு எட்டிப் பார்த்துச்சு, நானே தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சேன். ஸ்பிரிங் கிரீச்சுன்னு சத்தம் போடும், மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டா அடங்கிடும், துணியில சொட்டாம துடைச்சுடுங்க. கூட வந்த கொசுவலை சுத்த வேஸ்ட்டு, ஜிப்பு ரெண்டாவது வாரமே பல்லு போயிடுச்சு, நாங்க தனியா வலை வாங்கினோம். இடம் அடைக்கும், நாலுக்கு நாலு அடி வேணும், சின்ன வீட்டுல நடக்கும்போது கால்ல இடிக்கும். எடுத்துட்டு ஊருக்குப் போறதுக்கும் தோது படாது, பைப்பு கனம்.

எப்ப நிறுத்தணும்ங்கிறதையும் சொல்லிடறேன், இதை யாரும் எழுதறதில்ல. புள்ளை தானா எந்திரிச்சு உக்கார, துணிய எட்டிப் பிடிச்சு நிக்கப் பார்த்தா அன்னிக்கே தொட்டிலுக்கு லீவு. எங்க பொண்ணுக்கு ஒம்பதாவது மாச தட்டம்மை ஊசி போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, தொட்டில்ல இருந்து எட்டிப் பார்த்து என்னைப் பார்த்து சிரிச்சா, தலையும் ரெண்டு கையும் வெளிய. அன்னிக்கு சாயங்காலமே கழட்டிட்டேன். சும்மா தொங்கட்டும்னும் விட்டு வைக்காதீங்க, பெரிய பசங்க சேலைக்குள்ள உக்காந்து சுத்திச் சுத்தி விளையாடி கழுத்து இறுகினதெல்லாம் பேப்பர்ல படிச்சிருக்கோம்ல.

கழட்டி வச்சத பார்த்துட்டு வீட்டுக்காரம்மா ஒரு வார்த்தையும் பேசாம வேட்டிய மட்டும் உருவி மடிச்சு பீரோவுல அவ கல்யாணப் புடவை மேல வச்சுட்டா. ஐவிஎஃப் ஃபைல் இருந்த பைய பரண்ல இருந்து இறக்கி பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டாச்சு. எங்கம்மா இந்த ஆடியிலயும் கோயிலுக்குப் போய் ஒரு குட்டித் தொட்டில் கட்டிட்டு வந்துருக்கு, யாருக்குன்னு கேட்டா எதிர் வீட்டுப் பொண்ணுக்காம்.

ஸ்டாண்டை எங்க பட்டறையில வேலை பார்க்கிற தம்பி கேட்டான், அவன் சம்சாரத்துக்கு ஏழாவது மாசம். எடுத்துட்டுப் போடான்னு குடுத்துட்டேன், கட்டையும் குடுத்தேன், ஸ்பிரிங்கைக் குடுக்கல. ஏழு மாசம் தினமும் ஏறி இறங்கின ஸ்பிரிங், கண்ணுக்குத் தெரியாம எங்கயாச்சும் வெடிப்பு விட்டிருக்கும், பழசு யார் குடுத்தாலும் வாங்காதீங்க. கயிறு போட்ட புது ஸ்பிரிங் தனியா 180 ரூவாய்க்கு அதே கடையில கிடைக்குது, நகத்தை வச்சு இழுத்துப் பார்த்து எடுடான்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.